மலைபடுகடாமும் தலப்படமும்

பத்துப்பாட்டினுள் ஆற்றுப்படை ஐந்து. அவ்வைந்தனுள்ளும் மலைவழியின் இயல்பையும் இடரையும் மிக விரித்துக் கூறுவது மலைபடுகடாம். 583 அடிகளால் ஆகிய இப்பாட்டு, பல்குன்றக்கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னனை இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. கூத்தராற்றுப்படை என்பது இதன் மற்றொரு பெயர். உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையொடு பத்துப்பாட்டை 1889-இல் அச்சேற்றிய நாள்முதல், செங்கண்மா இன்றைய செங்கம் என்றும், சேயாறு இன்றைய செய்யாறு என்றும், நவிரமலை இன்றைய பர்வதமலை என்றும் ஆராய்வார் கூறி வருகின்றனர். பெயர்களைப் பொருத்திக் காட்டியவுடன் ஆராய்ச்சி முற்றுப்பெற்றதாகக் கருதும் வழக்கமும் இதனோடு வளர்ந்துவிட்டது.

பெயர் பொருத்தம் ஆராய்ச்சிக்குத் தொடக்கமேயன்றி முடிவன்று. மலைக்கும் யாற்றுக்கும் உள்ள உறவு யாது? மேட்டிலிருந்து நீர் எத்திசையில் இறங்குகிறது? புலவர் கூறும் நிலத்தின் வரிசை அந்நிலத்தின் சரிவொடு ஒத்துச் செல்கிறதா? இவ்வினாக்களுக்கு விடை காண ஊர்ப்பெயர்ப் பட்டியல் போதாது. நிலத்தின் ஏற்றத் தாழ்வையும் நீரோட்டத்தையும் கோடுகளால் காட்டும் தலப்படம் வேண்டும். பாட்டையும் படத்தையும் ஒருங்கு வைத்துப் பயிலுங்கால் எவை தெளிவாகின்றன, எவை தெளிவாகா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலப்படத்தைப் படிக்கும் முறை

இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட தலப்படங்களின் பழைய எண்முறையில், செங்கம் அமைந்த தாள் 57 எல்/15. சவ்வாது மலைமேல் உள்ள சமுனாமரத்தூர் அதற்கு நேர் வடக்கே 57 எல்/14-இல் அமையும். 2005-இன் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின் வெளிவந்த பொதுப்பயன் வரிசையில் எண்முறை வேறு. பழைய ஓர் அங்குலப் படத்தில் ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும். மெட்ரிக் அளவைக்கு மாறிய பின் 1:50,000 என்ற அளவையில் இரண்டு செண்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கின்றது. ஒரு தாள் அகலாங்கிலும் நெட்டாங்கிலும் 15 கலை அளவினது. பக்கம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் என்க.

படத்தில் பழுப்பு நிறத்தில் ஓடுவன சமவுயரக் கோடுகள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துச் செல்லும் இக்கோடுகள், 1:50,000 படத்தில் பெரும்பாலும் 20 மீட்டர் உயர வேறுபாட்டிற்கு ஒன்றாக வரையப்பெறும். ஒரு செண்டிமீட்டர் அகலத்துள் இத்தகைய இடைவெளிகள் ஐந்து நெருங்கியிருப்பின், அரைக் கிலோமீட்டர் நடப்பதற்குள் 100 மீட்டர் ஏற வேண்டும் என்பது பொருள். கோடுகள் அகன்று கிடப்பின் நிலம் படிந்து கிடக்கிறது. கோடுகள் முனைகொண்டு மேட்டுப்பக்கம் வளைந்திருப்பின் அங்கு நீரோடும் பள்ளம் உளது. பள்ளத்துப் பக்கம் வளைந்திருப்பின் மலையின் கிளை நீண்டு இறங்குகிறது. யாற்றுக்கோட்டைக் கண்டு பள்ளத்தை அறிவது எளிது. யாற்றுக்கோடு வரையப்படாத இடத்தும் இவ்வளைவுகளால் மழைநீர் செல்லும் வழியை அறிதலே பயிற்சியின் பயன்.

இப்பயிற்சி உடையார்க்குச் சங்கச் செய்யுளின் மலைச்சொற்கள் புதுப்பொருள் தரும். கோடு, சிமை, அடுக்கம், சாரல், கவான், விடர், அளை, சுனை, கான்யாறு என்பவற்றை அகராதிகள் பலவிடத்தும் ‘மலை’, ‘மலைப்பக்கம்’ என ஒன்றுபோலவே விளக்கிச் செல்லும். ஆயின் முகடும், முகட்டின் கிளையும், கிளைகளுக்கு இடைப்பட்ட சரிவும், சரிவின் வெடிப்பும் வேறு வேறாகப் படத்தில் தோன்றுவனவே. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கோட்டுருவை வலிந்து பொருத்துதல் தவறாகும். புலவர் நில அளவையர் அல்லர். எனினும் இத்துணைச் சொற்கள் ஒரு மொழியில் வழங்கினவெனின், அம்மொழியினர் மலையை ஒரே பிழம்பாகக் காணாது உறுப்புறுப்பாகக் கண்டனர் என்பது வெளிப்படை.

செங்கத்தைச் சூழ்ந்த நிலம்

செங்கத்திற்கு வடக்கே சவ்வாது மலைத்தொகுதி நிற்கின்றது. இது கூர்த்த முகடுகளின் வரிசையன்று; விளிம்பில் செங்குத்தாக ஏறி மேலே பரந்து கிடக்கும் மேட்டுநிலம். மலைமேல் உள்ள காவலூர் வானாய்வகம் கடல்மட்டத்திற்கு மேல் 725 மீட்டர் உயரத்தில் அமைந்தது என்பதைக் கொண்டு அம்மேட்டு நிலத்தின் உயரத்தை உய்த்துணரலாம். ஆகவே இத்தொகுதியைக் காட்டும் படத்தில் விளிம்பெங்கும் பழுப்புக் கோடுகள் நெருங்குதலும், உள்ளே அவை நெகிழ்தலும் காணப்படும். இம்மலையில் பிறக்கும் செய்யாறு தெற்கே இறங்கிச் செங்கத்தை அடைந்து, அங்கிருந்து வடகிழக்காகத் திரும்பிக் கலசபாக்கத்தின் வழியே சென்று, முடிவில் திருமுக்கூடலில் பாலாற்றொடு கலக்கின்றது.

செங்கத்திற்குத் தெற்கே சாத்தனூரில் ஓடுவது தென்பெண்ணை. 1958-இல் கட்டி முடிக்கப்பெற்ற சாத்தனூர் அணை அதன்மேல் உள்ளது. எனவே செங்கத்திற்கும் சாத்தனூருக்கும் இடையே பாலாற்றுப் படுகையையும் பெண்ணையாற்றுப் படுகையையும் பிரிக்கும் நீர்ப்பிரிமேடு கிடக்கின்றது. நிலத்தில் நடப்பார் இம்மேட்டை உணராமலே கடந்துவிடக் கூடும். படத்தில் நீரோடைகள் எதிரெதிர்த் திசையில் பிரிவதைக் கொண்டே அதனைக் காணலாம்.

வடக்கே சவ்வாது மலைக்கும் தெற்கே உள்ள மலைகளுக்கும் நடுவில் அமைந்த செங்கம் கணவாய், மேற்கே உள்ள பாராமகால் நிலத்தையும் கிழக்கே உள்ள சமவெளியையும் இணைப்பது. முதல் மைசூர்ப் போரில் 1767-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இங்கு நிகழ்ந்த போர் இவ்வாயிலின் அருமையைக் காட்டும். அக்காலத்தார்க்கு வாயிலாயிருந்தது நன்னன் காலத்தார்க்கும் வாயிலாகவே இருந்திருத்தல் வேண்டும். மலை இடம் பெயர்வதன்று. மலைபடுகடாத்தில் அரண்களும், பிரியும் வழிகளும், போரில் வீழ்ந்தார்க்கு நட்ட கற்களும் மிகுதியாகப் பேசப்படுதற்குக் காரணம் இதனால் புலனாகும்.

வழியின் வரிசை

மலைபடுகடாத்தில் வழியிடர்கள் அடுக்கிக் கூறப்படுதலைக் கண்டு, அவ்வடுக்கு புலவரின் பொருள்வளத்தைக் காட்டும் வெறும் பட்டியல் என்று கொள்வாரும் உளர். சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்களைப் பெயர் சுட்டி வழிகாட்டுகிறது. மலைபடுகடாம் அவ்வாறு ஊர்வரிசை தருவதில்லை. ஆதலின் இதன் வழி புனைந்துரையே என்பது அவர் கருத்து. இக்கருத்து பொருந்துமா என்று பாட்டின் வரிசையைச் சரிவொடு வைத்துக் காண்போம்.

முதற்கண் மழைபெற்று விளைந்த மலைப்புனங்களும் குறவர் சிற்றூர்களின் விருந்தும் கூறப்படுகின்றன. பின்னர்ப் பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள வழி. அதனை இருளில் கடவாது விடிந்த பின் கடக்க என்பது அறிவுரை. அடுத்து, யானையை ஓட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல் விழும் இடம். மரங்களை மறைவாகக் கொண்டு செல்ல வேண்டும். அதன்பின் வழுக்கும் நீர்நிலை ஓரங்கள். அங்கு மூங்கிலையும் நாணற்கோலையும் பற்றிக்கொண்டே நகர வேண்டும். இரவு வந்தால் குகையில் தங்க வேண்டும். குறவரும் திகைக்கும் குன்றம் ஒன்று வருகின்றது. அதன்பின் மலையின் பல்வகை ஓசைகள். பின்னர் அரண்களும் நடுகற்களும் பிரியும் வழிகளும், அவற்றைக் கடந்தால் ஆனிரை மேய்க்கும் கோவலர் குடியிருப்பு, அதன்பின் வயலும் உழவரும், பின்னர்ச் சேயாறு, இறுதியில் மூதூர்.

இவ்வரிசை படத்தில் உள்ள சரிவின் வரிசையே. கீழ்ச்சாரலில் புனம், கோடுகள் நெருங்கும் விளிம்பில் வழுக்குநீரும் குகையும், மேலே சென்றால் திசை தெரியாக் குன்றங்கள், மறுபுறம் இறங்கினால் கணவாயும் கிளைவழிகளும், கோடுகள் நெகிழும் அடிவாரத்தில் மேய்ச்சல் நிலம், கோடுகள் மறையும் சமநிலத்தில் வயல், அதன் நடுவே யாறு. குறிஞ்சி, முல்லை, மருதம் என்று திணைவரிசை கூறி இதனை விளக்குதல் எளிது. ஆயின் திணைவரிசையே இங்குச் சரிவின் வரிசையாக இருத்தலை நோக்க வேண்டும். இலக்கண மரபு புலவர்க்குச் சொற்களைத் தந்தது. அவற்றை அடுக்கும் முறையைத் தந்தது நிலம் என்பதே எம் துணிபு.

பாட்டின் தொடக்கப் பகுதியில், இனிக் கூறப்போவன இவை என்று ஒரு தொகுப்பு உளது: வழியின் அளவு, தங்கும் இடங்கள், கிடைக்கும் உணவு, மலை, சோலை, விலங்குறை காடு எனத் தொடர்வது அது. தலப்படத்தின் ஓரத்தில் அச்சிடப்படும் குறிவிளக்கத்தை இஃது ஒருவாறு ஒக்கும். எவற்றைக் காட்டுவது என்று முன்னரே வகுத்துக்கொண்டு, பின் வரிசை பிறழாது காட்டிச் செல்லும் ஒழுங்கு இரண்டிற்கும் பொது.

யாற்றொடு செல்வதா, யாற்றை எதிர்த்துச் செல்வதா?

இனி, படம் எழுப்பும் அரியதோர் ஐயத்தைக் காண்போம். வயல்களைக் கடந்த கூத்தர் சேயாற்றின் ஒரு கரையைப் பற்றிச் செல்ல வேண்டும் என்கின்றது பாட்டு. யாற்றின் சுழிக்குக் குயவன் திகிரி உவமையாகின்றது. கரையைக் கூறிய பின்னர், நன்னனது மூதூர் மிகச் சேய்மைத்தன்று என்ற உறுதி வருகின்றது. ஆனால் நீர் செல்லும் திசையில் செல்வதா, நீர் வரும் திசையில் செல்வதா என்பதைப் பாட்டு கூறவில்லை. உரையைக் கொண்டு மட்டும் பயில்வார்க்கு இவ்வினா எழுவதே இல்லை; படத்தைக் கண்டவுடன் எழுகின்றது.

நவிரமலை பர்வதமலையே என்றும், கூத்தர் அதனைக் கடந்தே வந்தனர் என்றும் கொண்டால், ஓர் இடர்ப்பாடு உண்டாம். பர்வதமலை செங்கத்திற்கு வடகிழக்கே உள்ளது. செய்யாறு செங்கத்தைக் கடந்து அத்திசை நோக்கியே செல்கின்றது. ஆகவே அவ்வழி வருவார் யாற்றை எதிர்த்து மேற்காக நடந்தே செங்கத்தை அடைய வேண்டும். கூத்தர் சவ்வாது மேட்டு நிலத்தின் ஊடே வந்தனர் எனின், நீரொடு தாமும் இறங்கித் தெற்கு நோக்கி ஊரை அடைவர்.

இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது? பாட்டில் நவிரம் கூறப்படும் இடத்தை நோக்குக. காரியுண்டிக் கடவுள் உறையும் மலை என்று அது தொடக்கத் தொகுப்பில் நன்னன் நாட்டின் சிறப்புகளுள் ஒன்றாகச் சுட்டப்படுகின்றது. வழியில் இவ்விடத்து நவிரம் வரும், அதனைக் கடந்து செல்க என்று வழிகூறும் பகுதியில் அஃது அமைக்கப்படவில்லை. ஆகவே வழி நவிரத்தின் ஊடே சென்றது என்பதற்குப் பாட்டில் சான்று இல்லை. மாறாக, புனத்தில் ஏறி, மலையைக் கடந்து, மேய்ச்சல் நிலத்தில் இறங்கி, வயலை அடைந்து, யாற்றங்கரையைப் பற்றும் வரிசை, பெரியதொரு மலைத்தொகுதியைக் குறுக்கே கடந்து இறங்குவார்க்கே மிகப் பொருந்தும். ஆதலின் நீரொடு இறங்கிய வழி என்பதே பொருத்தமுடையது போலும். எனினும் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளாது, ஏற்புடைய கருத்தாகவே வைக்கின்றோம்.

இதற்கு ஒரு தடை எழும். இரணியமுட்டம் மதுரைப் பக்கத்தது என்பர். தெற்கிருந்து வரும் புலவர் வடக்கே உள்ள சவ்வாது மலையைக் கடக்க வேண்டியது என்னை? பெண்ணையைக் கடந்தன்றோ வந்திருப்பார்? அற்றன்று. ஆற்றுப்படையில் வழி கூறுவோன் பரிசில் பெற்று மீளும் கூத்தன்; புலவர் அல்லர். புலவரின் ஊர் எத்திசையில் இருந்தது என்பது பாட்டுள் வரும் கூத்தன் நடந்த திசையைக் காட்டாது. தெற்கிருந்து வருவார்க்கு வழி கூறுவது நோக்கமாயின், வழியில் குறுக்கிடும் பெண்ணையைக் கூறாது விடுதலும் இயல்பாகாது.

ஆகவே, மலைபடுகடாத்தின் வழி இதுவே என்று படத்தின்மேல் ஒரு கோட்டை இழுத்துவிடுதல் இயலாது. அங்ஙனம் இழுப்பார், பாட்டில் இல்லாத உறுதியைப் பாட்டின்மேல் ஏற்றுவர். வழியைக் கோடாக வரைதல் இயலாது. வழியின் சரிவை அறிதல் இயலும். இந்நிலத்தில் பாட்டின் வரிசை ஏன் இவ்வாறு அமைந்தது என்பதற்குக் காரணம் காட்டுவதே தலப்படம் நமக்குச் செய்யும் உதவி.

படம் காட்டாதவை

படம் மேலிருந்து காண்பது. பாட்டு காலால் உணர்வது. படத்தில் தொலைவு உண்டு, அச்சம் இல்லை. படத்தில் அருவி ஒரு குறியாக இருக்கும். அதன் ஓசை இராது. இப்பாட்டின் பெயரோ ஓசையினாற் பிறந்தது. மலையை யானையாகவும், அதன்கண் எழும் ஓசையை அதன் மதமாகவும் உருவகித்த புலவர், அருவி வீழும் ஒலியையும், புலி பாய்ந்து புண்பட்ட கணவரின் நோய் தணியக் கொடிச்சியர் பாடும் பாட்டையும், தினை குற்றும் மகளிரின் வள்ளைப் பாட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றார். வழி நடப்பார்க்கு இவ்வோசைகள் அழகு மட்டும் அல்ல, அடையாளமும் ஆகும். உரல் ஓசை கேட்கும் பக்கம் குடியிருப்பு உண்டு. அருவி ஒலிக்கும் பக்கம் செங்குத்தான சரிவு உண்டு.

குறவரும் திகைக்கும் குன்றத்தில் வழி தவறினால் செய்ய வேண்டுவது யாது என்பதற்குப் பாட்டு கூறும் விடை இதனை வலியுறுத்தும். மேற்செல்லாது அகன்ற பாறையில் ஒருங்கு கூடி நின்று நும் இசைக்கருவிகளை இயக்குமின் என்கின்றது. ஒலி கேட்ட கானவர், நீரில் அகப்பட்டாரைக் காக்க ஓடுவார்போல் விரைந்து வந்து வழிகாட்டுவர் என்கின்றது. திசையறியா இடத்தில் நடப்பாரை நிற்கச் செய்து, நிலம் அறிந்தாரை அவர்பால் வரச் செய்யும் இவ்வுத்தி, எந்தப் படத்திலும் அச்சிடப்படாதது. கூத்தர் தொழிற்கருவியே அவர்க்கு உயிர்க்கருவியும் ஆகின்றது. இசைக்கருவிகளைப் பாட்டின் தொடக்கத்தில் புலவர் விரித்துக் கூறியது வீணன்று என்பதும் இங்கு விளங்குகின்றது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. நடுகற்கள் நின்ற பிரிவழிகளைக் கூறிய பின், புதியராய் வருவார் வழியறிதற்பொருட்டுப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்க என்று கூத்தன் அறிவுறுத்துகின்றான். தன் வழியை மட்டும் கருதாது, பின் வருவார் வழியையும் கருதியது இவ்வறிவுரை. 1802-இல் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பேரளவையும், இறுதியில் அடுத்து வருவார்க்கு இட்ட அடையாளமே. ஒன்று முடிந்த புல். மற்றொன்று அச்சிட்ட தாள்.

பயில்வார்க்குச் சில குறிப்புகள்

தலப்படத்தைக் கொண்டு சங்க நிலத்தை ஆராய்வார் சிலவற்றில் விழிப்பாயிருத்தல் வேண்டும். முதலாவது, படம் ஒரே காலத்ததன்று. மலையும் யாறும் தொன்மையன. தொண்டைநாட்டுச் சமவெளி எங்கும் தோன்றும் ஏரிகள் பல பல்லவர் காலத்தும் அதன் பின்னும் எழுந்தவை. காப்புக்காட்டு எல்லைகள் 1882-இன் சென்னை வனச் சட்டத்தின் பின் வந்தவை. செங்கத்திற்கு அண்மையில் செய்யாற்றின் குறுக்கே உள்ள குப்பநத்தம் அணை இந்நூற்றாண்டினது. இவற்றைப் பிரித்தறியாது, ஏரியைக் கண்டவுடன் அதனை நன்னன் காலத்து மருதமாகக் கொள்ளல் பெரும்பிழை.

இரண்டாவது, நிறத்தைக் கொண்டு புலவரை மறுக்கலாகாது. நீருள்ள இடம் நீலமாகவும் வறண்ட மணற்படுகை கருங்கோட்டினுள்ளும் காட்டப்பெறும். செய்யாற்றுப் படுகை வறண்டதாகப் படத்தில் காணப்படின், புலவர் பாடிய சுழியும் பெருக்கும் பொய் எனல் பொருந்தாது. அளந்தார் கண்ட பருவமும் பாடினார் கண்ட பருவமும் வேறாதல் கூடும்; இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு நீர்ப்பயன்பாடும் உளது.

மூன்றாவது, தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலை வெளியிட்டது. அவற்றுள் பல பல்லவர் காலத்தன. ஆகவே அவையே மலைபடுகடாம் கூறும் கற்கள் எனல் இயலாது. ஆயினும் அவை கிடைத்த இடங்களைத் தலப்படத்தில் குறித்து, கணவாய்களும் பிரிவழிகளும் உள்ள இடங்களொடு ஒத்துப் பார்த்தால், நடுகல் நடும் வழக்கிற்கும் வழியமைப்பிற்கும் உள்ள தொடர்பு தெளிவாகலாம். பாட்டு கூறுவது ஒரு காலத்து வழக்கம். கற்கள் காட்டுவது பிற்காலத்து வழக்கம். இரண்டையும் இணைக்கும் ஒரே சான்று மாறாத நிலம். இப்பணி முதுகலை மாணவர்க்குத் தகுதியான ஆய்வுப்பொருளாகும்.

அதனைக் காலம் தாழ்த்தாது செய்தல் வேண்டும். சாலை அகலுங்கால் கற்கள் இடம் பெயர்கின்றன. அணை எழுங்கால் பள்ளத்தாக்கு நீரில் மூழ்குகின்றது. மலையூர்களில் ஓடைக்கும் பாறைக்கும் மேய்ச்சற் காட்டிற்கும் முதியோர் வழங்கும் பெயர்கள் அவரொடு மறைகின்றன. தலப்படம் பெரிய ஓடைகளின் பெயரை மட்டும் பதிந்து, சிறியனவற்றைப் பெயரின்றியே காட்டும். அப்பெயர்களைக் கேட்டு, அவ்வவ் வளைவின்மேல் எழுதி வைப்பது தமிழாராய்வார் கடமை. பழைய பாட்டின் சொல்லொன்று அவ்வோடைகளுள் ஒன்றன் பெயரில் இன்னும் வழங்குதல் கூடும். கேளாது விட்டால் அதனை எப்படத்திலும் காண இயலாது.